துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளந்த கதை



தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளை நம்மில் பலர் பார்த்திருப்போம். திடலின் ஒரு கோடியில் பிள்ளைகள் குனிந்து நிற்பார்கள். மறு கோடியில், முடிவுக் கோட்டருகே, ஆசிரியர்கள் கையில் ஓட்டக் கடிகாரத்துடன் காத்திருப்பார்கள். தொடக்கத் துப்பாக்கி வெடிக்கும். அந்த நேரத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் புதிதாக வந்தவரிடம், "சத்தத்தைக் கேட்டு அழுத்தாதீங்க சார், புகையைப் பார்த்து அழுத்துங்க" என்று எச்சரிப்பார்.

அவர் சொல்வது சரியே. நம் நாட்டு வெப்பத்தில் ஓசை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. 100 மீட்டரைக் கடக்க அதற்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால், அந்த 0.3 விநாடி ஓடுகிற பிள்ளையின் கணக்கில் இலவசமாகச் சேர்ந்துவிடும். புகையோ வெடித்த கணமே கண்ணுக்குத் தெரிகிறது.

ஓடுகிற பிள்ளையை இப்படி அளந்துவிடலாம். அதே துப்பாக்கியில் உண்மையான குண்டு இருந்தால், அதன் வேகத்தை எப்படி அளப்பது? கண்ணுக்கு அது தெரியாது. ஓட்டக் கடிகாரத்தை அழுத்த விரல் அசைவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கேள்விக்கு உலகில் முதன்முதல் நல்ல விடை கண்டவர் ஓர் ஆங்கிலேயர். அவர் உயிர் பிரிந்ததோ நம் முன்னோர்களில் பலர் புறப்பட்டு வந்த தென்னாற்காட்டுக் கடற்கரையில். அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில், குண்டின் வேகம் எவருக்கும் தெரியாத காலத்தில், அதே கடற்கரையில் ஒரு பீரங்கி செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கடலூருக்கு அருகே, கெடிலம் ஆறு கடலில் கலக்கும் பக்கத்தில், தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உண்டு. அங்கே ஒரு கோட்டை இருந்தது. அதைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து விலைக்கு வாங்கியது. செஞ்சிக் கோட்டை அப்போது மராத்தியர் கையில் இருந்தது. சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிகு யேல். அமெரிக்காவில் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவரே. வாங்கிய கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டார்கள்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? ஒப்பந்தத்தில் சங்கிலி அளவும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு. கம்பெனிக்காரர்கள் வியாபாரிகள் அல்லவா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றையும், கைதேர்ந்த பீரங்கிக்காரர் ஒருவரையும் அனுப்பினார்கள். மருந்தை எப்படி இடித்துச் சுட்டால் அதிகத் தூரம் போகுமோ அப்படிச் சுடுவது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்ற பொருளில் குறிப்பும் போயிற்று. பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட கிராமங்கள் எல்லாம், கடலூர்ப் பட்டணம் உட்பட, கம்பெனியின் வசமாயின. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குண்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறிற்று, காற்று அதை எவ்வளவு தடுத்தது என்ற இரண்டு சங்கதிகளே அவர்கள் எந்த ஆட்சியின் கீழ் வரி கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தன. அந்த இரண்டையும் அறிந்தவர் அன்று உலகில் ஒருவரும் இல்லை.

அறிய முயன்றவர் பெஞ்சமின் ராபின்ஸ். இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரில் 1707இல் பிறந்தவர். எளிய குடும்பம். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். போரே கூடாது என்பது அந்தப் பிரிவின் கொள்கை. அந்த வீட்டுப் பிள்ளைதான் பீரங்கிக் கணக்கில் தலைசிறந்தவர் ஆனார்! 1742இல் அவர் பீரங்கியியல் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. அதில்தான் அவருடைய ஊசல் விவரிக்கப்பட்டிருக்கிறது.

கருவி மிக எளியது. மூன்று கால்களை நாட்டி, உச்சியிலிருந்து கனமான இரும்புத் தகடு ஒன்றைத் தொங்கவிட்டார். தகட்டின் முகத்தில் தடித்த மரக்கட்டை. கட்டையை நோக்கிச் சுட்டால் குண்டு மரத்தில் புதைந்து நின்றுவிடும். கட்டை பின்னுக்கு ஊசலாடும். அதன் அடியில் ஒரு நாடாவைக் கட்டி ஒரு பிளவின் வழியே விட்டிருந்தார். கட்டை பின்னே போகப்போக நாடா இழுபடும். திரும்பி வரும்போது நாடா இழுத்த இடத்திலேயே தொய்ந்து கிடக்கும். அந்த நாடாவை அளந்தால் கட்டை எவ்வளவு தூரம் ஆடிற்று என்பது தெரிந்துவிடும்.

சரி, கட்டை ஆடிய தூரத்திலிருந்து குண்டின் வேகம் எப்படிக் கிடைக்கும்? தோட்டங்களில் சிறு தண்டவாளத்தில் தள்ளுவண்டிகள் ஓடியதை நினைத்துக்கொள்வோம். ஓடி வரும் வண்டி, நின்றுகொண்டிருக்கும் அதே எடையுள்ள வண்டியில் மோதிக் கொக்கி மாட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து பாதி வேகத்தில் நகரும். நிற்பவை 2 வண்டிகளானால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும். நிற்பவை 599 ஆனால், 600இல் ஒரு பங்கு. குண்டும் கட்டையும் அப்படித்தான். குண்டு புதைந்த கட்டை, குண்டைப் போல் 600 மடங்கு எடை என்று வைத்துக்கொள்வோம். கட்டை விநாடிக்கு இரண்டரை அடி வேகத்தில் ஆடத் தொடங்கினால், குண்டு வந்த வேகம் அதைப்போல் 600 மடங்கு, அதாவது விநாடிக்கு 1,500 அடி. கட்டையின் அந்த வேகத்தை அது எவ்வளவு உயரம் ஏறிற்று என்பதிலிருந்து கணக்கிடலாம். இரண்டரை அடி வேகத்தில் கிளம்பும் ஊசல் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறி நிற்கும். கண்ணுக்கே தெரியாத வேகத்தை, அங்குலக் கோலால் அளக்கக்கூடிய ஒரு சிறு ஆட்டமாக மாற்றிவிட்டார் ராபின்ஸ். கடிகாரம்கூடத் தேவைப்படவில்லை. இதைவிட அழகான கருவி பின்னாலும் அதிகம் வரவில்லை என்பது நம் எண்ணம்.

முக்கால் அங்குலக் கனமுள்ள ஈயக் குண்டு, நல்ல மருந்திட்டுச் சுட்டால், விநாடிக்கு 1,600 அடிக்கும் மேல் செல்கிறது என்று அவர் கண்டார். ஆனால் அவர் கண்டவற்றுள் பெரியது இந்த எண் அன்று. ஊசலைத் துப்பாக்கியின் அருகில் வைத்தும், தள்ளி வைத்தும் சுட்டுப் பார்த்தார். தள்ளிப் போகப்போக வேகம் வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன் பீரங்கி நூல்கள் எழுதியவர்கள் பலர் காற்றை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கனமான உலோகத்தை மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்று இருந்தார்கள். வேகமாகப் போகும் அந்த ஈயக் குண்டைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை, குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் காட்டினார்.

இது எத்தனை பெரிய வேறுபாடு என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்லலாம். விநாடிக்கு 1,700 அடி வேகத்தில் சாய்வாக மேல்நோக்கிச் சுட்ட குண்டு, காற்றே இல்லாவிட்டால், 17 மைல் தள்ளி விழ வேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் இடையே ஏறக்குறைய அதே தூரம்தான். பழைய கணக்குப்படி பிரிக்பீல்ட்ஸில் சுட்ட குண்டு கிள்ளானில் விழ வேண்டும். உண்மையில் அத்தகைய குண்டு அரை மைல்கூடப் போவதில்லை. துன் சம்பந்தன் சாலையின் ஒரு முனையில் சுட்டால் மறு முனையைக்கூட எட்டாது. பதினேழு மைல் எங்கே, அரை மைல் எங்கே! மீதி முழுவதையும் காற்று தின்றுவிடுகிறது.

1745இல் இந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டவர் மாபெரும் கணித மேதை ஆய்லர். 1746இல் இலண்டன் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் தந்தது.

அதே 1746இல்தான் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கம்பெனியின் தலைமையிடம் கடலூருக்கு, அந்தச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு, மாறியது. உடன்படிக்கைப்படி 1749இல் சென்னை திரும்பக் கிடைத்தாலும், இனிக் கோட்டைகளைச் சும்மா விடலாகாது என்று கம்பெனி எண்ணியது. மதில்களைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750 ஜூலையில் அவர் செயின்ட் டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு முன் பீரங்கிக் குண்டால் எல்லை வகுக்கப்பட்ட அதே மண்ணில், அந்தக் குண்டின் வேகத்தை அறிந்த மனிதர் காலடி வைத்தார். சென்னைக்கும் கடலூருக்கும் கோட்டைத் திட்டங்கள் வரைந்தார். ஓராண்டு சென்றது. காய்ச்சல் கண்டது. 1751 ஜூலை 29 அன்று அங்கேயே காலமானார். வயது 44. அவர் பலப்படுத்த வந்த கோட்டையும் நீடிக்கவில்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்துத் தகர்த்தார்.

ராபின்ஸின் ஊசல் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டது. அதற்கும் குறைகள் உண்டு. பெரிய பீரங்கிக் குண்டைப் பிடித்து நிறுத்தப் பிரம்மாண்டமான கட்டை வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பின்பும் கட்டையின் எடை கூடிவிடும். குண்டும் கட்டையின் நடுவில் படாவிட்டால் கணக்கு மாறும். மின்சாரம் வந்த பிறகுதான், குண்டை நிறுத்தாமல், அது போகிற போக்கில் அளக்க வழி பிறந்தது. அப்படி அளக்கும் கருவிக்கு குரோனோகிராப் என்று பெயர். காலத்தை எழுதுவது என்று பொருள். கைக்கடிகாரக் கடையில் இதே பெயரில் விற்பது இதற்குத் தூரத்து உறவு மட்டுமே.

1860களில் பெல்ஜிய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரி லெ பூலாஞ்சே செய்த குரோனோகிராப் பல நாடுகளுக்கும் பரவியது. குண்டு போகும் பாதையில், இடைவெளி விட்டு, மெல்லிய கம்பி பின்னிய இரண்டு சட்டங்களை நிறுத்துவார்கள். ஒவ்வொரு சட்டத்தின் கம்பியிலும் மின்சாரம் ஓடும். முதல் சட்டத்தின் மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்கி நீண்ட தண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கும். இரண்டாவது சட்டம் இன்னொரு காந்தத்தில் குட்டைத் தண்டைப் பிடித்திருக்கும். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் நீண்ட தண்டு விழத் தொடங்கும். இரண்டாவது கம்பியை அறுத்ததும் குட்டைத் தண்டு விழுந்து ஒரு விசையைத் தட்டும். உடனே ஒரு கத்தி பாய்ந்து, விழுந்துகொண்டிருக்கும் நீண்ட தண்டில் கீறல் போடும். பொருள் எத்தனை விநாடியில் எவ்வளவு தூரம் விழும் என்பது தெரிந்ததே. கீறலின் இடத்தை அளந்தால் நேரம் கிடைத்துவிடும்.

இதில் நமக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. காந்தம் விடுவதற்கும், குட்டைத் தண்டு விழுவதற்கும், கத்தி பாய்வதற்கும் கருவியே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதை எப்படிக் கழிப்பது? சுடுவதற்கு முன்பே இரண்டு மின்சாரத்தையும் ஒரே கணத்தில் அறுத்து, ஒரு கீறல் போட்டுப் பார்ப்பார்கள். அது கருவியின் சொந்தத் தாமதம். அந்தத் தாமதம் 0.15 விநாடியாக இருக்கும்படி கருவியைத் திருத்துவார்கள். 0.15 விநாடியில் தண்டு விழும் தூரம் 11 சென்டிமீட்டர். பிறகு சுடும்போது கீறல் 30 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் விழுந்தால், மொத்தம் கால் விநாடி. 0.15ஐக் கழித்தால் குண்டு எடுத்த நேரம் 0.1 விநாடி. சட்டங்களின் இடைவெளி 50 மீட்டரானால், வேகம் விநாடிக்கு 500 மீட்டர். தன்னுடைய பிழையைத் தானே முதலில் அளந்து காட்டும் கருவி இது. விளையாட்டுத் திடலில் ஆசிரியரின் விரல் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நாம் யாரும் இப்படிக் கழித்ததில்லை.

இத்தகைய கருவிகளின் துணையோடு துப்பாக்கிகள் மேலும் மேலும் வேகம் பெற்றன. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையிலிருந்த 303 ரகத் துப்பாக்கியின் குண்டு விநாடிக்கு 2,440 அடி, அதாவது ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டது. ஓசையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி, பின் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் திரண்டவர்களை அடக்க இந்தியப் படை வீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். 100 மீட்டர் தூரத்தை அத்தகைய குண்டு 0.14 விநாடியில் கடக்கும். வெடிச்சத்தம் வந்து சேர 0.3 விநாடி ஆகும். குண்டு பட்டவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கம்பிச் சட்டங்கள் போய், ஒளிக்கண் வந்துவிட்டது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இக்கருவி நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு வரப்போவதில்லை. சுடுபோட்டி வீரர்களிடமும், குண்டு தயாரிக்கும் ஆலைகளிலும்தான் இதைக் காணலாம். 2017 சீ விளையாட்டுப் போட்டியின்போது சுடுபோட்டிகள் நடந்த சுபாங் சுடுதளம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை அங்கே பயிற்சிக்குப் போகலாம் அல்லவா?

ஒளிக்கண் கருவியில் இரண்டு கண்கள் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். குண்டின் நிழல் முதல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, இரண்டாவதில் பட்டதும் நிறுத்தும். உள்ளே இருக்கும் படிகக் கடிகாரம் மிக நுட்பமானது. பிழை வருவது பெரும்பாலும் கடிகாரத்தால் அன்று, இடைவெளியால். கண்கள் 2 அடி தள்ளி இருக்க வேண்டிய கருவியில், சட்டம் வளைந்து கால் அங்குலம் மாறிவிட்டால், நூற்றுக்கு ஒன்று பிழை. விநாடிக்கு 2,400 அடி செல்லும் குண்டில் அது 25 அடி. ஆகவே வாங்கும்போது எண்பலகையின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, சட்டம் வளையாததா, கண்கள் ஆடாமல் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மேல். இடைவெளி நீளமாக இருந்தால் அதே கால் அங்குலம் சிறு பிழையாகிவிடும்.

துப்பாக்கி வாய்க்கு மிக அருகில் வைத்தால், குண்டுக்கு முன்னே வரும் வெடிக்காற்றே கண்ணை ஏமாற்றும். பத்துப் பதினைந்தடி தள்ளி வைப்பது வழக்கம். நம் ஊர் வானம் இன்னொரு தொல்லை. காலையில் கூரிய வெயில், மாலையில் கருமேகம். வெயில் நேராகக் கண்ணில் விழாமல் வெள்ளைத் தகடு பொருத்த வேண்டும். அறைக்குள் குழல் விளக்கின் கீழ் வைத்தால், விநாடிக்கு நூறு தரம் துடிக்கும் அதன் வெளிச்சத்தையும் நிழல் என்று எண்ணிக் குழம்பும். பன்றி வேட்டைக்கான சிதறுகுண்டுத் துப்பாக்கியை இதில் சோதித்தால், எந்தச் சிறுகுண்டை எண்ணிற்று என்பது கருவிக்கே தெரியாது. ஒரே ஒரு முறை சுட்டு வந்த எண்ணை நம்பக்கூடாது. பத்து முறை சுட்டு, எல்லாவற்றையும் எழுதி, சராசரி காண வேண்டும். பிடிக்காத எண்ணை அடித்துவிடுவது பெரிய பாவம். இப்போது ரேடார் அலைகளால் அளக்கும் சிறு கருவிகளும் வந்துள்ளன. அவற்றுக்கு வானமும் வேண்டாம், நிழலும் வேண்டாம். விலைதான் கூடுதல்.

ராபின்ஸின் ஊசலைப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பால் டின் ஒன்றில் களிமண்ணை அழுத்தி நிரப்பி, இரண்டு நூல்களால் கிடையாகத் தொங்கவிடுங்கள். நூல் சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். டின்னின் பின்னால், அதைத் தொட்டபடி, மேசைமேல் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். அதுதான் நம் நாடா. லாஸ்டிக்கால் ஒரு கோலிக்குண்டைக் களிமண்ணில் அடியுங்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். டின்னுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. டின் தீப்பெட்டியைத் தள்ளிய தூரத்தை மீட்டரில் எழுதி 3.13 ஆல் பெருக்கினால் டின்னின் வேகம் வரும். களிமண்ணும் குண்டும் சேர்ந்த டின், கோலிக்குண்டைப்போல் எத்தனை மடங்கு எடை என்று கடைத் தராசில் பார்த்து, அந்த மடங்கால் மறுபடி பெருக்குங்கள். 100 மடங்கு எடையுள்ள டின் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், கோலிக்குண்டு விநாடிக்கு 31 மீட்டர் வேகத்தில் வந்தது என்று பொருள். முதல் தடவை தீப்பெட்டி தெறித்து ஓடிவிடும். அடியில் கொஞ்சம் மணலைப் போட்டுக் கனமாக்கிக்கொண்டு மறுபடி அடியுங்கள்.